கேனட் திரும்ப வேண்டிய நேரம்

ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினுக்குள் கையை விடக் கூடாது என்பது எங்கள் கடலோர ஊரான ஸ்லேட்டர் பேயில் எல்லாருக்கும் தெரியும். இணையச் செயலிக்கும் அதே விதிதான். ஊர் மக்கள் பயன்படுத்திக்கொண்டிருக்கும் செயலியைத் திறந்து நேரடியாகத் திருத்தக் கூடாது. அதைப் போலவே இன்னொன்றை நம் லேப்டாப்பில் ஓட வைத்து, உடைக்க வேண்டியதை அங்கே உடைத்துப் பார்த்து, சரியான பிறகுதான் உண்மையானதைத் தொட வேண்டும். அந்த நகலை உருவாக்கும் வேலையைத்தான் எங்கள் தென்கோளத்தில் குளிர் தொடங்கும் மே மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், காலை எட்டு மணிக்கு, என் சமையலறை மேஜையில் தொடங்கினேன்.

செயலி எங்கள் கடல் காவல் நிலையத்துடையது. நிலையம் என்றால் போலீஸ் இல்லை, படகுத்துறைக்கு மேலே ஒரு தகரக் கூரை அறை, ஒரு ரேடியோ, கடலில் இருக்கும் படகுகளைக் காட்டும் 'பலகை' என்கிற ஒரு திரை, முறை வைத்து உட்காரும் தொண்டர்கள். எங்கள் ஊரில் கடலுக்குப் போகிறவர்கள் அங்கே சொல்லிவிட்டுத்தான் போவார்கள். எத்தனை பேர், எந்தப் பக்கம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று சொல்ல வேண்டும். திரும்பியதும் மறுபடியும் சொல்ல வேண்டும். அதைச் சொல்ல மறந்து, தேடுகிற படகைக் கிளப்ப வைத்தவனுக்கு மதுக்கடையில் ஒரு வருடத்துக்கு நிம்மதி இருக்காது. முன்பெல்லாம் இந்தப் பேச்சு ரேடியோவில் நடந்தது. ராய்ஸ் டிரீன் செயலியை எழுதிய பிறகு பெரும்பாலும் கைப்பேசியில் நடக்கிறது.

ராய்ஸ் ஒன்பது வருடம் அதைத் தனியாகவே பார்த்துக்கொண்டார். இரண்டு குளிர்காலங்களுக்கு முன்னால் அவருடைய படகு கேனட், சீல் பாறைக்குப் பக்கத்தில் மிதந்துகொண்டிருந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. படகில் ஆள் இல்லை. உடல் கிடைக்கவே இல்லை. அதற்குப் பிறகு செயலியை யாரும் தொடவில்லை. அதுவும் தன் பாட்டுக்கு ஓடியது. இந்த வருடம் கோடை முடிந்து, எங்கள் வழக்கப்படி கடிகாரங்களை ஒரு மணி நேரம் பின்னுக்கு மாற்றியபோதுதான் படகுகள் திரும்பும் நேரம் ஒரு மணி தள்ளிக் காட்டுவதைக் கவனித்தார்கள். ஹோபார்ட்டில் இருக்கும் ஒரு நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே நிரல் எழுதுகிறவள் என்பதால் என்னிடம் வந்தார்கள்.

ராய்ஸின் மனைவி பிரான்வின் ஒரு நினைவுக் குச்சியை, அதாவது பென் டிரைவை, கொண்டுவந்து கொடுத்தார். "இதுல எல்லாம் இருக்குன்னு சொல்லுவான். எனக்கு ஒரு எழவும் புரியாது. நீயே வச்சுக்க, ஜோஸி" என்றார். தேநீர் குடிக்கக்கூட உட்காரவில்லை.

குச்சியில் நிரலோடு ராய்ஸின் குறிப்பும் இருந்தது. செயலியைப் புதிதாக ஒரு கணினியில் நிறுவுவதற்கான பதின்மூன்று படிகள். இப்படிப்பட்ட குறிப்பை ஒழுங்காக எழுதுகிறவர்கள் குறைவு. தமக்குத் தெரிந்தது எல்லாருக்கும் தெரியும் என்று நினைத்து இரண்டு படிகளை விட்டுவிடுவார்கள். ராய்ஸ் எதையும் விடவில்லை. 'இந்த இடத்தில் திரை ஐந்து நிமிடம் சும்மா இருக்கும். பயப்பட வேண்டாம், தேநீருக்குக் கெட்டிலைப் போடவும்' என்றுகூட எழுதியிருந்தார். அவரை நான் நேரில் பார்த்ததில்லை. நான் ஊருக்குக் குடிவந்தது அவர் போன பிறகு. ஆனால் அந்தக் காலையில் அவர் எனக்கு எதிரே உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொல்லித்தருவது போலத்தான் இருந்தது.

நான்காவது படியில் ஒரு வேலை இருந்தது. எந்தச் செயலிக்கும் ஓர் அமைப்புக் கோப்பு உண்டு. தரவு எங்கே இருக்கிறது, செய்திகளை எந்த வழியாக அனுப்புவது, கடவுச்சொற்கள் என்ன என்பதெல்லாம் அதில் இருக்கும். நிரல் ஒன்றுதான், அமைப்புக் கோப்பை வைத்துத்தான் அது தன்னை நிலையத்துச் செயலி என்றோ லேப்டாப்பில் இருக்கும் நகல் என்றோ தெரிந்துகொள்கிறது. 'வெற்று மாதிரியை நகலெடுத்து, உங்கள் கணினிக்கு ஏற்றபடி நீங்களே நிரப்பவும்' என்றது நான்காவது படி. பக்கத்திலேயே ராய்ஸின் சொந்தக் கோப்பு, எல்லாம் நிரப்பப்பட்டு, தயாராகக் கிடந்தது. பதினேழு வரிகளை யார் தட்டச்சு செய்வது? தரவு இருக்கும் இடத்தை மட்டும் என் லேப்டாப்புக்கு மாற்றிவிட்டு, மீதியை அப்படியே எடுத்துப் போட்டுக்கொண்டேன். என் தொழிலில் இருக்கிற எல்லாரும் ஒரு தடவையாவது இதைச் செய்திருப்பார்கள்.

பன்னிரண்டாவது படி மாதிரித் தரவு. புதிதாக நிறுவிய செயலி காலி வீடு மாதிரி. உள்ளே யாரும் இருக்க மாட்டார்கள். சோதித்துப் பார்க்க ஆட்கள் வேண்டும் என்பதால் கற்பனை ஆட்களைக் குடிவைப்போம். ராய்ஸ் இருபது படகுகளைக் கற்பனை செய்திருந்தார். ஒன்றின் பெயர் 'மூழ்காது என்று நினைக்கிறேன்'. இன்னொன்று 'மனைவிக்குத் தெரியாது'. ஆனால் முதல் வரிசையில் இருந்தது அவரேதான். படகு எண் ஒன்று, கேனட். ஓட்டுபவர், ராய்ஸ் டிரீன். கரையில் தொடர்புகொள்ள வேண்டியவர், பிரான்வின் டிரீன். இன்று காலை புறப்பட்டு மாலை நான்கு மணிக்குத் திரும்புவதாக இருந்தது. எந்தத் தேதியில் நிறுவினாலும் அந்தத் தேதியையே 'இன்று' என்று எடுத்துக்கொள்ளும்படி எழுதியிருந்தார்.

அது எனக்கு விநோதமாகப் படவில்லை. நிரல் எழுதுகிற எல்லாரும் மாதிரித் தரவில் முதலில் தம்மைத்தான் போடுவோம். நான் எழுதிய செயலிகளில் எல்லாம் முதல் பயனர் நான், இரண்டாவது என் நாய்.

ஒன்பது மணிக்குள் பதின்மூன்று படிகளும் முடிந்தன. உலாவியில் என் லேப்டாப்பின் சொந்த முகவரியைத் தட்டினேன். எந்தக் கணினிக்கும் தன்னையே குறிக்கும் முகவரி ஒன்று உண்டு. அதைத் தட்டினால் அழைப்பு வெளியே போகாது. கேட்பதும் நம் கணினி, பதில் சொல்வதும் நம் கணினி. வரைபடம் விரிந்தது. எங்கள் விரிகுடா, வெளியே சீல் பாறை, கரையில் வரிசையாக இருபது பொய்ப் படகுகள்.

ஒன்பதரைக்குக் கேனட் நகர ஆரம்பித்தது.

'ஒருவர் பயணிக்கிறார். திரும்பும் நேரம் 5.00' என்று ஓரத்தில் ஒரு வரி தோன்றியது. நான்கு மணியைத்தான் ஒரு மணி தள்ளிக் காட்டியது, நான் திருத்த வந்த கோளாறு அதுதான். சிறிது நேரம் கழித்துப் படகின் நீலப் புள்ளி துறைக்கு வெளியே நின்றது. அப்புறம் அரை மணி நேரம் அசைவில்லை. பிறகு ஒரே தாவலில் இன்னும் தூரம் போயிருந்தது. என்ன அழகான வேலை என்றுதான் நினைத்தேன். பொய்ப் படகு நகர்வதற்குக்கூட ஒரு சின்ன நிரல் எழுதி வைத்திருக்கிறார் மனிதர். புள்ளி தாவித் தாவிப் போவதை மட்டும் பிறகு சரிசெய்து கொடுக்கலாம் என்று ஒரு தாளில் குறித்து வைத்தேன். மற்ற பத்தொன்பது படகுகள் ஏன் அசையவில்லை என்று கேட்டுக்கொள்ளவில்லை.

நேரக் கோளாறைக் கண்டுபிடிக்க மதியம் ஆகிவிட்டது. ஒரே ஒரு வரி. அதைத் திருத்தி முடித்து, சூப்பைச் சூடாக்கிக் குடித்துவிட்டு, இரண்டு மணிக்குச் செய்தி அனுப்பும் பகுதியைச் சோதித்தேன். நிலையத்திலிருந்து படகுக்குக் குறுஞ்செய்தி அனுப்பலாம். லேப்டாப்பில் இருக்கும் நகலில் அந்தச் செய்தி உண்மையில் போகாது. ஒரு பொய்த் தபால் பெட்டி இருக்கும். போகிற செய்திகள் எல்லாம் அதில் விழுந்து கிடக்கும், நாம் திறந்து பார்த்துக்கொள்ளலாம். எதையாவது எழுத வேண்டும். கேனட்டின் மேல் அழுத்தி, விளையாட்டாக, 'ராய்ஸ், எங்க இருக்க?' என்று எழுதி அனுப்பினேன்.

தபால் பெட்டியைத் திறந்தேன். காலி. இன்னொரு முறை திறந்தேன். அப்போதும் காலி. ஏதோ மெதுவாக ஓடுகிறது போல என்று கெட்டிலைப் போட எழுந்தேன்.

திரும்பி வந்தபோது திரையில் பதில் இருந்தது. கேனட்டிலிருந்து.

'இங்க இல்ல.'

கெட்டில் கொதித்து நின்றது. நான் உட்கார்ந்தபடியே அந்த இரண்டு சொற்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே நல்ல வெயில். பக்கத்து வீட்டில் யாரோ விறகு வெட்டிக்கொண்டிருந்தார்கள். நான் எழுந்து போய்க் கதவைத் தாழிட்டுவிட்டு வந்தேன்.

ஆனால் கணினி எதையும் சும்மா சொல்லாது. சொன்னால் யாரோ சொல்லச் சொல்லியிருக்க வேண்டும். ராய்ஸ் வேடிக்கைக்காகப் பதில்களையும் எழுதி வைத்திருப்பார் என்று நிரல் முழுவதும் தேடினேன். நாற்பத்தோராயிரம் வரிகளில் 'இங்க இல்ல' என்ற சொற்கள் எங்குமே இல்லை. படகை நகர்த்தும் நிரல் என்று ஒன்றும் அதில் இல்லை.

நிலையத்துக்குப் போன் செய்தேன். செவ்வாய்க்கிழமை டெஸ்ஸின் முறை. டெஸ் நாற்பது வருடம் அபலோன் சிப்பிக்கு மூழ்கியவர். இப்போது ஒரு காது கேட்காது. கேட்கும் காதில்தான் ரேடியோவை வைத்துக்கொள்வார்.

"டெஸ், இன்னைக்கு யாராவது கடல்ல இருக்காங்களா?"

"இந்தக் குளிர்லயா? பலகை துடைச்சு விட்ட மாதிரி இருக்கு. நான் குறுக்கெழுத்து போட்டுக்கிட்டிருக்கேன். 'கேக்காமலே விளக்கம் சொல்ற ஆள்', அஞ்சு எழுத்து. புரபசர்னு போட்டேன், சரியா உக்காந்துச்சு."

அவர் என்னை அப்படித்தான் கூப்பிடுவார்.

"நீங்க எனக்கு மெசேஜ் அனுப்பி விளையாடலையே?"

"எங்க வீட்டு மைக்ரோவேவையே என் மகதான் வந்து அமுக்கித் தரணும். நான் உனக்கு மெசேஜ் அனுப்பறேனா?"

"சரி. ராய்ஸோட படகு இப்ப எங்க இருக்கு?"

மறுமுனையில் பேனாவைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"எதுக்குக் கேக்கற?"

"சும்மாதான்."

"பிரான்வின் கொட்டகையில இருக்கு. தார்ப்பாய் போட்டு ரெண்டு வருஷமா மூடி வச்சிருக்கா. விக்கவும் மாட்டா, ஓட்டவும் மாட்டா. நீ அவகிட்ட போய் அதைப் பத்தி எதுவும் கிளறாத, சரியா?"

"சரி."

போனை வைத்துவிட்டு வரைபடத்தைப் பார்த்தேன். நீலப் புள்ளி சீல் பாறைக்குப் பக்கத்தில் நின்றிருந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் கேனட்டைக் கண்டெடுத்த இடத்தில். இரண்டே கால், இரண்டே முக்கால், மூன்றரை. அது அதற்குப் பிறகு நகரவில்லை.

லேப்டாப்பை மூடிவிட்டு வெளியே போய்விட வேண்டும் என்று இருந்தது. மூடவில்லை. பயம் ஒரு காரணம். மூடிய பிறகு உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமல் போய்விடும் என்ற பயம். இன்னொரு காரணம், அது எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் என்னால் இருக்க முடியாது. என் சுபாவம் அப்படி.

நான்கரை மணிக்கு, காலையிலிருந்து காலியாகக் கிடந்த பொய்த் தபால் பெட்டியில் முதல் செய்தி விழுந்தது. திரும்பும் நேரம் தாண்டி அரை மணி ஆகியும் படகு வராவிட்டால் செயலி தானாக அனுப்பும் எச்சரிக்கை அது. எதிர்பார்த்ததுதான். மாதிரித் தரவில் ராய்ஸ் நான்கு மணிக்குத் திரும்ப வேண்டும், திரும்பவில்லை, எனவே பிரான்வினுக்கு எச்சரிக்கை போகும். அப்படித்தான் இருக்கும் என்று திறந்தேன்.

'பெறுநர்: ராய்ஸ் டிரீன். கேனட் படகில் சென்ற பிரான்வின் டிரீன் மாலை 4.00 மணிக்குத் திரும்ப வேண்டும். இன்னும் திரும்பவில்லை.'

மறுபடியும் படித்தேன். பெயர்கள் இடம் மாறியிருந்தன. மாதிரித் தரவைத் திறந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதில் கடலில் இருப்பவர் ராய்ஸ், கரையில் இருப்பவர் பிரான்வின். எச்சரிக்கையில் கடலில் இருப்பவர் பிரான்வின், கரையில் இருப்பவர் ராய்ஸ்.

மாதிரித் தரவு தன்னைத் தானே மாற்றிக்கொள்ளாது. அப்படியென்றால் இந்த வாக்கியம் என் லேப்டாப்பில் பிறந்ததில்லை. உயிரோடிருக்கிற யாரோ, எங்கோ, பெயரை மாற்றிப் பதிவு செய்திருக்கிறார்கள்.

அமைப்புக் கோப்பைத் திறந்தேன். ராய்ஸின் கோப்பு, நான் சோம்பேறித்தனமாக எடுத்துப் போட்டுக்கொண்டது. பதினோராவது வரியில் இருந்த முகவரி என் லேப்டாப்புடையது இல்லை. நிலையத்துடையது.

அந்த வரி என்ன செய்யும் என்பதை எங்கள் ஊர் மீன் வறுவல் கடையை வைத்துச் சொல்லலாம். முன்னால் ஒருத்தர் ஆர்டர் எழுதிக் கம்பியில் குத்துகிறார். பின்னால் வறுக்கிறவர் ஒவ்வொரு சீட்டாக உருவி எடுத்து வேலையை முடிக்கிறார். செயலியிலும் அப்படி ஒரு கம்பி இருக்கிறது. படகு புறப்பட்டது, இங்கே இருக்கிறது, செய்தி அனுப்பு, எச்சரிக்கை கொடு என்று எல்லாமே முதலில் சீட்டாகக் கம்பியில் குத்தப்படும். உருவி எடுக்க நிலையத்தில் ஒரு வேலையாள் நிரல் இருக்கிறது. அன்று காலை ஒன்பது மணிக்கு நான் என் சமையலறையில் இரண்டாவது வேலையாளை ஓட விட்டேன். அதற்குத் தனிக் கம்பி கொடுத்திருக்க வேண்டும். நான் நிலையத்துக் கம்பியிலேயே கை வைக்க விட்டுவிட்டேன். உருவிய சீட்டு மறுபடி கம்பிக்குப் போகாது. யார் முந்துகிறார்களோ அவர்களுக்கு.

கேனட் புறப்பட்ட சீட்டு என்னிடம் வந்து, மாதிரியில் இருந்த ராய்ஸின் பயணத்துக்கு மேல் ஏறிக்கொண்டது. அதனால்தான் டெஸ்ஸின் பலகை துடைத்தது போல இருந்தது. படகின் இருப்பிடச் சீட்டுகளில் பாதி என்னிடம் வந்தன. அதனால்தான் புள்ளி தாவியது. மீதிப் பாதி டெஸ்ஸிடம் போயிருக்கும். புறப்படாத படகின் இருப்பிடத்தை அவர் திரை காட்டாது. என் விளையாட்டுச் செய்தியை நிலையத்து வேலையாள் உருவிக்கொண்டான். அவனிடம் பொய்த் தபால் பெட்டி கிடையாது. அவன் அதை நிஜமாகவே அனுப்பிவிட்டான். நிலையத்திலும் படகு எண் ஒன்றான கேனட்டில் இருந்தவருக்கு. அவர் எழுதிய பதில் என் வேலையாளிடம் வந்தது.

இப்போது கடைசிச் சீட்டு, அவர் திரும்பவில்லை என்ற சீட்டு, என் மேஜையில் கிடந்தது. உலகத்தில் வேறு யாரிடமும் அது இல்லை. மறுபடியும் நிலையத்துக்குப் போன் செய்தேன்.

"டெஸ், ஜன்னல்ல இருந்து பிரான்வின் கொட்டகை தெரியுமா?"

"தெரியும். என்ன இன்னைக்கு நீ..." நாற்காலி நகரும் சத்தம். பிறகு அவர் குரல் மாறியது. "கதவு திறந்து கிடக்கு."

நடந்ததை எவ்வளவு சுருக்கமாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு சுருக்கமாகச் சொன்னேன். வாழ்க்கையில் முதல் முறையாக நான் எதையும் விளக்கவில்லை. அவர் ரேடியோவில் கேனட்டைக் கூப்பிடுவது போனில் எனக்குக் கேட்டது. மூன்று முறை. பதில் இல்லை. கைப்பேசிக்கும் அடித்தார். எடுக்கவில்லை.

"மீட்புப் படகு பசங்களைக் கூப்பிட்டுட்டேன். ஆள் சேர்ந்து, கிளம்பி, பாறைக்குப் போக ஒரு மணி நேரம் ஆகும். அஞ்சரைக்கு இருட்டிடும். ஆறு மணிக்குத் தென்மேற்குக் காத்து திரும்புதுன்னு வானிலைக்காரன் சொல்லியிருக்கான். அந்தப் பாறைகிட்ட அப்ப யாரும் இருக்கக் கூடாது. அவ போனைப் பாத்துக்கிட்டுத்தான் இருப்பா. நீ அனுப்பின மெசேஜைப் பாத்துக்கிட்டிருப்பா. இன்னொண்ணு அனுப்பு."

"என்னன்னு?"

"ராய்ஸ் எழுதற மாதிரி. வீட்டுக்கு வான்னு. வந்துடுவா."

"செத்தவர் பேர்ல நான் எழுத மாட்டேன் டெஸ்."

"அதான் ஏற்கெனவே எழுதிட்டியே."

உண்மையைச் சொல்லலாம்: 'பிரான்வின், நான் ஜோஸி. அது நான் தவறுதலாக அனுப்பியது.' கடலில், அந்தப் பாறைக்குப் பக்கத்தில், தனியாக, இருட்டும் நேரத்தில் அதைப் படித்தால் ஒருவர் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியவில்லை. பொய் சொன்னாலும் என்ன செய்வார் என்று தெரியவில்லை.

முதலில் என் வேலையாளை நிறுத்தினேன். இனி எல்லாச் சீட்டும் நிலையத்துக்கே போகும். கேனட்டைப் பலகையில் கையால் ஏற்றச் சொன்னேன், டெஸ் ஏற்றினார். காலையில் நிரலைப் படிக்கும்போது கண்ணில் பட்ட ஒன்று அப்போது நினைவுக்கு வந்தது. நிலையத்துத் திரையில் ஒரு மஞ்சள் பொத்தான் உண்டு. படகைத் திரும்ப அழைப்பதற்கு. அதை அழுத்தினால் எந்தப் படகுக்கும் ஒரே வாக்கியம்தான் போகும். ராய்ஸ் ஒன்பது வருடத்துக்கு முன்னால் எழுதி வைத்தது.

"மஞ்சள் பொத்தானை அமுக்குங்க டெஸ்."

"அதை நான் தொட்டதே இல்ல. நாங்க ரேடியோவுல கத்திடுவோம். என்ன போகும்?"

படித்துக் காட்டினேன். 'கேனட், எஞ்சினைக் கிளப்பித் திரும்பவும். கரையில் ஒருவர் உங்களுக்காகக் காத்திருக்கிறார்.'

டெஸ் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு, "அமுக்கிட்டேன்" என்றார்.

அந்த வாக்கியம் பொய்யாக இருக்கக் கூடாது என்று எனக்குத் தோன்றியது. சாவியை எடுத்துக்கொண்டு துறைக்கு ஓடினேன்.

துறை முனையில் நாற்பது நிமிடம் நின்றேன். மீட்புப் படகு என்னைத் தாண்டி வெளியே போனது. தண்ணீர் ஈயம் மாதிரி ஆகிக்கொண்டு வந்தது. அங்கே நின்றபோது எனக்கு ஒன்று புரிந்தது. மத்தியானம் நான் பயந்து உட்கார்ந்திருந்த அதே நேரத்தில், கடலில் ஒரு பெண் கையிலிருந்த கைப்பேசித் திரையைப் பார்த்து என்னைவிடப் பயந்திருப்பார். என் வீட்டுக்குள் எதுவும் வரவில்லை. நான்தான் அவர் படகுக்குள் போயிருந்தேன்.

ஐந்தே முக்காலுக்கு இரண்டு விளக்குகள் வந்தன. முன்னால் கேனட். பின்னால் கொஞ்சம் இடைவெளி விட்டு மீட்புப் படகு. பிரான்வின் எஞ்சினை அணைத்துவிட்டுக் கயிற்றை என்னிடம் எறிந்தார். பிடித்துக் கட்டினேன். எனக்குச் சரியாகக் கட்டத் தெரியாது. அவர் இறங்கி வந்து பிரித்துத் திரும்பக் கட்டினார்.

"நீயா காத்துக்கிட்டிருக்கிறவ?" என்றார்.

"ஆமா."

"டெஸ் எங்க?"

"மேல. ரேடியோகிட்ட. அழறார்னு நினைக்கிறேன்."

"கிழவன் எதுக்கெடுத்தாலும் அழுவான்." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "தார்ப்பாயை எடுத்து எஞ்சினைச் சும்மா ஓட்டிப் பாப்போம்னுதான் வந்தேன். ஓடுச்சு. அப்புறம் போன்ல படிவத்தை நிரப்பினேன். கரையில இருக்கிறவர் பேரைப் போட்டாத்தான் அடுத்த பக்கம் போவேன்னு அது அடம் பிடிச்சது. அவன் எழுதினதுதானே, அவனை மாதிரியே அடம். எனக்குக் கரையில வேற யாரு இருக்கா? அவன் பேரையே போட்டேன்."

நான் எல்லாவற்றையும் சொன்னேன். நினைவுக் குச்சி, நான்காவது படி, கம்பி, சீட்டு, இரண்டு வேலையாட்கள். விளையாட்டாக எழுதியது நான்தான் என்று சொன்னபோது அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன்.

"அவன் அனுப்பினதுன்னு நான் நினைக்கல" என்றார் கடைசியில். "அவன் என்னை எதுக்கு ராய்ஸ்னு கூப்பிடறான்? வேற யாரோ அவனைத் தேடிக்கிட்டிருக்காங்கன்னு நினைச்சேன். ரெண்டு வருஷமா நான் மட்டும்தான் தேடறேன்னு இருந்தேன். அப்ப பாறைகிட்டதான் இருந்தேன், எஞ்சினை நிறுத்திட்டு நானும் நல்லாப் பாத்தேன். இல்ல. அதான், இங்க இல்லன்னு எழுதினேன். அப்புறமும் கிளம்ப மனசு வரல."

"என்னை மன்னிச்சிடுங்க."

"ரெண்டாவது மெசேஜ் யாரோடது?"

"அது அவர் எழுதினது. எல்லாப் படகுக்கும் அதுதான் போகும்."

"எல்லாத்துக்குமா?"

"எல்லாத்துக்கும்."

தலையை ஆட்டினார். "வா. என் பேருக்குப் பக்கத்துல உன் நம்பரைப் போடு. கரையில இருக்கிறவர்ங்கிற இடத்துல உயிரோட இருக்கிற ஆள் இருந்தாத் தேவலாம்."

மறுநாள் காலை லேப்டாப்பில் இருந்ததை முழுவதும் அழித்துவிட்டு முதலிலிருந்து நிறுவினேன். நான்காவது படியில் பதினேழு வரிகளையும் நானே தட்டினேன். நிலையத்தின் முகவரி என் வீட்டில் எங்கும் இல்லை. சந்தேகத்துக்கு இணைய இணைப்பையும் துண்டித்தேன். இப்போது அது சுத்தமான பொய் உலகம். இருபது படகுகளும் கரையில் நின்றன. எதுவும் நகரவில்லை.

நான்கரை மணிக்குத் தபால் பெட்டியில் ஒரு செய்தி விழுந்தது.

'பெறுநர்: பிரான்வின் டிரீன். கேனட் படகில் சென்ற ராய்ஸ் டிரீன் மாலை 4.00 மணிக்குத் திரும்ப வேண்டும். இன்னும் திரும்பவில்லை.'

இது விழத்தான் வேண்டும். இந்த முறை எல்லாம் சரியாக வேலை செய்கிறது என்பதற்கு இதுதான் அடையாளம். இந்தச் செயலியை யார் எந்தக் கணினியில் நிறுவினாலும், அன்று காலை ராய்ஸ் புறப்படுவார். அன்று மாலை திரும்ப மாட்டார். அவரைத் திரும்ப வைக்க ஒருவர் கையால் 'திரும்பினார்' என்ற பொத்தானை அழுத்த வேண்டும். பொய் உலகத்தில் அதைச் செய்ய ஆள் கிடையாது.

அழுத்தினேன். புள்ளி பச்சையானது. பிறகு ராய்ஸின் குறிப்பைத் திறந்து, பதின்மூன்றாவது படிக்குக் கீழே, அவர் எழுதும் முறையிலேயே ஒன்றைச் சேர்த்தேன். 'படி பதினான்கு: நான்கு மணிக்குள் கேனட்டைத் திரும்பியதாகக் குறிக்கவும்.'

மாதிரித் தரவிலிருந்து அவரை எடுத்துவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். எடுக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. பிரான்வினிடம் கேட்டேன். "இருந்துட்டுப் போகட்டும்" என்றார்.

குளிர்காலம் முடியும் சமயத்தில் லான்செஸ்டனிலிருந்து கெர்ரி என்ற பெண் எனக்கு உதவியாகச் சேர்ந்தாள். என் வயதுதான், என்னைவிடக் கெட்டிக்காரி. அங்கேயே தன் வீட்டில் செயலியை நிறுவினாள். எங்கள் கதை எதையும் நான் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. சாயங்காலம் போன் செய்தாள்.

"குறிப்பு பிரமாதம் ஜோஸி. கெட்டில் வரைக்கும் எழுதியிருக்கு. எல்லாம் ஒரே தடவைல ஓடிடுச்சு. ஒண்ணு மட்டும்தான் புரியல."

"என்ன?"

"பதினாலாவது படி. மூணே முக்காலுக்கு நான் போய்ப் பாக்கறேன், அந்தப் படகு ஏற்கெனவே பச்சையா இருக்கு. யாரு குறிச்சது?"

அதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். அவளே முன்னதாகத் தெரியாமல் அழுத்தியிருக்கலாம். நான் திருத்திய நேரக் கணக்கில் இன்னொரு பிழை இருக்கலாம். பழைய தரவு ஏதாவது அவள் கணினியில் ஒட்டிக்கொண்டிருக்கலாம். மூன்றையும் பத்து நிமிடத்தில் சோதித்துவிட முடியும். எப்படிச் சோதிப்பது என்று படிப்படியாகச் சொல்ல வாயைத் திறந்தேன்.

"எத்தனை மணிக்குத் திரும்பினதா காட்டுது?" என்று மட்டும் கேட்டேன்.

"மூணு நாப்பது."

"அப்ப சீக்கிரமே வந்துட்டார்" என்றேன். அதற்கு மேல் எதையும் சோதிக்கவில்லை.